தாவியது யார்?

கேள்வி: தேர்தல் நெருங்கினால் பத்திரிகையும் தொலைக்காட்சியும் டிக்டாக்கும் சொல்வதைக் கேட்டு நம் மக்கள் கட்சி தாவுகிறார்கள். வாக்காளர்களைத் தாவ வைக்கும் ஊடகங்களைத் தேர்தல் முடியும்வரை வாய்மூடி இருக்கச் சொன்னால் என்ன?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ‘தாவுகிறார்கள்’ என்ற சொல்லை முதலில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலேசியாவில் தாவியவர்கள் யார் என்பது ஊரறிந்தது. மலாய்க்காரர்கள் அவர்களைக் ‘கட்டாக்’, அதாவது தவளை என்கிறார்கள். 2018 மே 9 அன்று மக்கள் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த அரசாங்கம், 22 மாதங்களில், ஒரு வாக்காளரைக்கூடக் கேட்காமல் கவிழ்க்கப்பட்டது. அதன் பிறகுதான், கட்சி மாறும் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதியை இழப்பார் என்ற சட்டம் 2022 அக்டோபர் 5 முதல் நடப்புக்கு வந்தது. அது வாக்காளரைத் தொடவில்லை, தொடவும் கூடாது. உறுப்பினர் எடுத்துக்கொண்டு போனது பிறர் கொடுத்த வாக்கை. வாக்காளர் மாற்றிப் போடுவது தம்முடைய வாக்கை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

இனி, ஊடகம் வாக்கை மாற்றுகிறதா என்பதற்கு வருகிறேன். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலுக்கு முன் பெரிய நாளேடுகளில் பல, அப்போது ஆண்ட பாரிசான் கூட்டணிக் கட்சிகளின் கையிலோ அவற்றுக்கு வேண்டியவர்களின் கையிலோ இருந்தன. 1984ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது; 1987 அக்டோபரில் மூன்று ஏடுகளின் உரிமம் பறிபோனதை எந்த ஆசிரியரும் மறந்திருக்கவில்லை. ஏடுகள் சொன்னபடிதான் வாக்கு விழும் என்றால், பாரிசான் அந்தத் தேர்தலில் முன்னிலும் பலமாக வந்திருக்க வேண்டும். கிடைத்ததோ 222 தொகுதிகளில் 140. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை போயிற்று, பினாங்கு மாநில ஆட்சி போயிற்று, 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தம் கையில் வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார், 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்ற அந்தக் கூட்டணிக் கட்சி மூன்றில் மட்டுமே வென்றது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2007 நவம்பர் 25 அன்று, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணிக்குப் போய் மாலையில் திரும்பிய ஓர் அண்டை வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது அவர் மனைவிக்குக் கண் எரிந்தது. கண்ணீர்ப்புகை அந்தத் துணியில் அவ்வளவு ஊறியிருந்தது. மறுநாள் காலையில் அவர் வழக்கமாக வாங்கும் ஏடு, அங்கே போனவர்களைக் கலகக்காரர்கள் என்றது. முப்பது வருடமாக அந்த ஏட்டையும் அது ஆதரித்த கட்சியையும் சேர்த்தே நம்பியவர், அன்று இரண்டையும் சேர்த்தே விட்டார். கண்ணால் கண்டதற்கும் அச்சில் வந்ததற்கும் நடுவே விழுந்த அந்த விரிசலில்தான் பல வாக்குகள் இடம் மாறின என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1940இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஈரி வட்டாரத்தில் சமூகவியல் ஆய்வாளர் பால் லசார்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 600 பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். பிரச்சாரம் பெரும்பாலோரின் பழைய சாய்வைக் கெட்டிப்படுத்தியது; முகாம் மாறியவர்கள் சிலரே; அவர்களை அசைத்ததில் பத்திரிகையையும் வானொலியையும்விட நேரில் பேசிய மனிதருக்கே பங்கு அதிகம். பிறாயில் நான் போகும் ஒட்டுக்கடையில் இதை இன்றும் பார்க்கலாம். தே தாரிக் கிளாஸின் ஈர வட்டம் பதிந்த ஒரே தாளைப் பத்துப் பேர் கைமாற்றுவார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் செய்தியைவிட, அவர் படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்பதைத்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஊடகத்துக்கு வலிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்சித் தலைவர், கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி, உறவினர் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வாக்கை மாற்ற நினைப்பவர் தம்மைத் தனி ஆளாகவே உணர்கிறார். இன்னும் பலர் அப்படி நினைக்கிறார்கள் என்பதை அவருக்குக் காட்டுவது செய்தியால் முடியும். 2008இல் இணைய ஏடுகளும் குறுஞ்செய்திகளும் செய்தது அதுதான். டிக்டாக்கைப் பற்றிய என் கவலை வேறு. 2021 டிசம்பர் முதல் வாக்குரிமை பெற்ற பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசி பெரும்பாலும் அவன் ஏற்கெனவே நின்று பார்த்த வகையையே திரும்பக் காட்டுகிறது. ஒட்டுக்கடையில் இருப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை.

ஆகவே வாய்மூடச் சொல்லும் உங்கள் யோசனையை நான் ஏற்கமாட்டேன். நான் நிறுத்தச் சொல்வது, அரசியல்வாதிகளுக்கு மாலை, பொன்னாடை போடும் படங்கள் ஏட்டில் அரைப்பக்கம் பிடிப்பதைத்தான். இருபது ஆண்டுகளாக அதற்காகச் சண்டை போடுகிறேன். அந்த அரைப்பக்கத்தில், உங்கள் தொகுதி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எத்தனை முறை கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பதை வரும் தேர்தலில் போடுவோம். உங்கள் தொகுதி எது என்று மட்டும் எழுதுங்கள்.