அம்மா பாதியிலேயே 'போதும்' என்கிறார், எடையும் குறைகிறது: என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. ஆறு மாதத்துக்கு முன் 52 கிலோ இருந்தவர் இப்போது 48 கிலோ. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். தட்டில் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் பார்த்ததுமே முகம் சுளிக்கிறார், பாதியிலேயே எழுந்துவிடுகிறார். லேசாக இருக்கட்டும் என்று கஞ்சியும் சூப்பும்தான் கொடுக்கிறோம். இந்த வயதில் உடற்பயிற்சி செய்யச் சொல்லலாமா? அது இன்னும் இளைக்க வைத்துவிடாதா?

பதில்: 52 கிலோவில் 4 கிலோ என்பது கிட்டத்தட்ட 8 சதவீதம். இளைக்க வேண்டும் என்று நினைக்காத ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு காரணம் தேட வேண்டும். வயதானால் இளைக்கத்தானே செய்யும் என்று விடக்கூடாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். அதில் வரும் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவு ஊட்டத்தை அளக்க நல்ல அளவுகோல் அல்ல; நன்றாக இளைத்துப்போனவருக்கும் அது சரியாகவே இருக்கலாம். இந்த விஷயத்தில் நான் எடை மெஷினைத்தான் நம்புவேன்.

காரணங்களில் சிலவற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பல்செட் தளர்ந்திருக்கிறதா, வாய் உலர்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கிய பிறகு பசி போனதா என்றும் யோசித்துப் பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின்கூடச் சிலருக்குப் பசியைக் கெடுக்கும். மனச்சோர்வை மறந்துவிடாதீர்கள், அது பல வீடுகளில் 'பசியில்லை' என்ற பேச்சாகத்தான் வெளியே வரும். தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வந்தால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றாலும் இந்த எடைக் குறைவைத் தனியாகச் சொல்லி ஒருமுறை முழுமையாகப் பரிசோதித்துவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வயதானவர்களின் வயிறு மெதுவாகக் காலியாகும், சீக்கிரம் நிரம்பிய உணர்வும் வரும். அதனால் அம்மா 'போதும்' என்பது பிடிவாதம் இல்லை. அந்தக் கொஞ்ச இடத்தை நீங்கள் எதை வைத்து நிரப்புகிறீர்கள் என்று பாருங்கள்: தெளிவான சூப், தண்ணியான கஞ்சி. இரண்டிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அவர் சாப்பிடும் அளவு அப்படியே இருக்கட்டும், அதற்குள் இருக்கும் சத்தைக் கூட்டுவோம்.

எளிதான வழி பால். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம் புரதம் இருக்கும். 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதிப் பாலில் கலந்துவிடுங்கள். இப்போது அதே அரை லிட்டரில் சுமார் 34 கிராம். குடிப்பவருக்குப் பால் சற்றுத் திக்காக இருப்பதாகத் தோன்றும், அவ்வளவுதான். அம்மாவின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் நாளுக்குச் சுமார் 58 கிராம் புரதம் வேண்டும். அதில் பாதிக்கு மேல் இந்தப் பாலிலேயே வந்துவிடுகிறது. நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள், கஞ்சியையும் தண்ணீருக்குப் பதில் இதில் காய்ச்சுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கொதிக்கும் சூப்பில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டால் 6 கிராம் புரதம் கூடும். ஒரு டீஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தால் கிட்டத்தட்ட 40 கலோரி. நாளில் நாலு இடத்தில் சேர்த்தால் 160. சாப்பாட்டுக்கு முன்னால் டீயும் நிறையத் தண்ணீரும் வேண்டாம், இரண்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். காலையில் பசி நன்றாக இருந்தால் முக்கியமான சாப்பாட்டைக் காலைக்கே மாற்றிவிடுங்கள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்று பத்து வருடத்துக்கு முன் போட்ட பத்தியத்தை இன்னும் கடைப்பிடிக்கிறாரா? எதைத் தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில் பத்தியத்தால் இளைப்பதுதான் பெரிய ஆபத்து. சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் கேட்டுவிடுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாத ஒருவருக்கு ஒரேயடியாகச் சத்தை ஏற்றுவதும் ஆபத்து. அதை மருத்துவமனைதான் கவனிக்க வேண்டும்.

உடற்பயிற்சி அவரை இளைக்க வைக்குமா? சாப்பாட்டைக் கூட்டாமல் தினமும் ஒரு மணி நேரம் நடக்கவிட்டால் வைக்கும். நடை நல்லதுதான், ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. வயதான தசை, புரதம் கிடைத்தாலும் மந்தமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கு வேலை கொடுத்தால் அதே புரதத்தை நன்றாகப் பயன்படுத்தும்.

கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். அம்மா சற்று முன்னால் நகர்ந்து உட்காரட்டும், பாதங்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தரையில் பதியட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணி மெதுவாக இறங்க வேண்டும்; தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். எழ முடியவில்லையா, இருக்கையில் ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயர்த்துங்கள். ஐந்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். மற்ற நாட்களில் அதே மேடையைப் பிடித்தபடி சற்று நேரம் ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு நல்லது, நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சரியாகச் சாப்பிடாத நாளில் பயிற்சிக்கு விடுமுறை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே மெஷினில், காலையில் சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். கூடவே கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது நீர் சேர்ந்த வீக்கம், எடை ஏறியதாகச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால், இந்தக் குறிப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் போங்கள்.