கைலின் சோனிக் பூம்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

1991-ல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ விளையாட்டில் அறிமுகமானவன் கைல். அன்றிலிருந்து அவன் கையில் இருக்கும் ஆயுதம் சோனிக் பூம், எதிராளியை நோக்கிப் பறக்கும் எறிபந்து. பின்பக்கம் (எதிராளியை விட்டு விலகும் திசை) சற்று நேரம் பிடித்து வைத்து, முன்பக்கம் தள்ளி, கூடவே பஞ்ச் அழுத்தினால் அது கிளம்பும். கட்டளை இவ்வளவுதான் என்றாலும், அந்தப் 'பிடித்து வைப்பது' பற்றித்தான் எனக்கு அதிகக் கேள்விகள் வருகின்றன. பல வருடங்களாகக் கைலை மட்டுமே ஆடுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இன்னொரு பாத்திரமான ரியூ எறியும் ஹடோகென் பந்துக்குக் கால்வட்டம் சுற்றினால் போதும், நினைத்த நேரத்தில் வருகிறது. கைலுக்கு மட்டும் ஏன் இந்தக் காத்திருப்பு? இதில் என்ன லாபம்?

காத்திருப்பதற்குக் கூலி உண்டு. ரியூ எறிந்த பிறகு கை நீட்டிய நிலையிலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்கிறான். அந்த நேரத்தில் எதிராளி தாவி வந்தால் அடி நிச்சயம். கைல் சோனிக் பூமை விட்டுவிட்டுச் சட்டென்று நிலைக்குத் திரும்பிவிடுவான். ரியூ கடனுக்கு வாங்கிப் பிறகு வட்டி கட்டுகிறான், கைல் முன்பணம் கட்டிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பின்பக்கம் என்பது தடுப்பதற்கான திசை. அடி வாங்காமல் காத்துக்கொள்ள எதைப் பிடிக்கிறீர்களோ அதுவேதான் சார்ஜும், அதாவது பூமுக்குப் பிடித்து வைக்க வேண்டிய நேரமும், ஏற்றுகிறது. எதிராளி உங்களை அடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது. சண்டை விளையாட்டுகளில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

கேள்வி: அண்ணா, நான் கீபோர்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுகிறேன். பத்து தடவை முயன்றால் நாலு தடவைதான் பூம் வருகிறது. மற்ற நேரம் சும்மா குத்துகிறான். எங்கே தப்பு?

தம்பி, சும்மா எந்தக் குத்து வருகிறது என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. ஹெவி பஞ்சில் முயலும்போது கைல் ஒரு சுற்றுச் சுற்றிப் புறங்கையால் அறைகிறானா? அது முன்பக்கமும் ஹெவி பஞ்சும் சேர்ந்தால் வரும் அடி. அது வந்தால் உங்கள் நேரப்பொருத்தம் சரி, சார்ஜ்தான் போதவில்லை. இன்னும் கொஞ்சம் பிடியுங்கள். புறங்கை வராமல் வேறு குத்து வந்தால், நீங்கள் முன்பக்கத்துக்குப் போகும் முன்பே பஞ்சைத் தட்டிவிட்டீர்கள், அல்லது முன்பக்கத்தை விட்டு வந்த பிறகு தட்டியிருக்கிறீர்கள். அவசரப்படுகிறவர்களுக்கு முதல் வகைதான் அதிகம்.

கீழ்-பின் மூலையில் உட்கார்ந்திருந்து எறிகிறீர்கள் என்றால், கீழ்ச் சாவியிலிருந்து விரலை எடுத்துவிட்டு நேராக முன்பக்கம் அழுத்துங்கள். விரல் கீழேயே தங்கினால் அது கீழ்-முன் ஆகிவிடும்.

கேள்வி: 'இன்னும் கொஞ்சம் பிடியுங்கள்' என்கிறீர்களே, எவ்வளவு நேரம்?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ஒரு வினாடிக்கும் குறைவு. விளையாட்டு வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. ட்ரெய்னிங் மோடில் கீ டிஸ்பிளேவைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு திசையையும் எத்தனை ஃபிரேம் பிடித்தீர்கள் என்று பக்கத்திலேயே எண் ஓடும். பூம் வந்தபோது என்ன எண், வராதபோது என்ன எண் என்று அரை மணி நேரம் பாருங்கள். பிறகு எண்ணைப் பார்க்காமலே கை சொல்லும். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட இது நல்லது, ஏனென்றால் சண்டையில் எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது.

கேள்வி: முதல் பூம் சரியாக வந்துவிடுகிறது. இரண்டாவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது. என் நண்பன் அடுத்தடுத்து விட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு ஏதாவது தந்திரம் தெரியுமா?

உங்கள் நண்பர் முன்பக்கத்தைத் தொட்ட மறுகணமே பின்பக்கம் திரும்பிவிடுகிறார், அவ்வளவுதான். நீங்கள் பூம் கிளம்பி, கைல் கையை இறக்கிய பிறகுதான் பின்பக்கம் போகிறீர்கள். கைல் கையை வீசிக்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் அடுத்த சார்ஜில் சேரும். அதை நீங்கள் வீணாக்குகிறீர்கள்.

முன்பக்கம் என்பது தொட்டுவிட்டுத் திரும்பும் இடம், தங்கும் இடம் இல்லை. இந்த ஒரு பழக்கம் வந்தாலே உங்கள் கைல் வேறு ஆளாகத் தெரிவான். பூம் விட்டதும் மட்டுமல்ல, எந்த அசைவின்போதும் இது செல்லும். முன்பக்கம் தாவும்போது கால் தரையை விட்டதும் கீழ்-பின் பிடித்துவிடுங்கள், காற்றில் இருக்கும் நேரமும் சார்ஜாகும். தாவி வந்து ஹெவி பஞ்ச், தரையில் உட்கார்ந்து மீடியம் பஞ்ச், அதிலிருந்து பூம் என்று கைல் ஆடுகிறவர்கள் தொடுப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான். முன்னோக்கி டேஷ் (சட்டென்று பாயும் நகர்வு) அடித்தாலும் கட்டளை கொடுத்த உடனே பின்பக்கம் பிடியுங்கள்.

கேள்வி: நான் எப்போதும் கீழ்-பின் மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பூம் விட்டதும் எதிராளி தாவுகிறார். ஃபிளாஷ் கிக் (கீழே பிடித்து வைத்து, மேலே தள்ளி, கிக் அழுத்தும் உதை) போட்டு இறக்கப் பார்த்தால் வரவே மாட்டேன் என்கிறது. மேலே எகிறித்தான் அடி வாங்குகிறேன்.

நல்ல கேள்வி, கைல் ஆடுகிற பாதிப் பேருக்கு இது தெரியாது. கீழ்-பின் மூலையில் உட்கார்ந்தால் இரண்டு சார்ஜ் ஒன்றாக ஏறுகின்றன: பூமுக்கான பின்பக்கம், ஃபிளாஷ் கிக்குக்கான கீழ்ப்பக்கம். பூம் விட நீங்கள் முன்பக்கம் போனதும் பின் சார்ஜ் செலவாகிவிட்டது. கூடவே கீழ்ப்பக்கத்தையும் விட்டு எழுந்துவிட்டீர்கள், அதனால் கீழ் சார்ஜும் போய்விட்டது. திரும்ப உட்கார்ந்து அது ஏறும் வரை ஃபிளாஷ் கிக் கிடையாது. விவரம் தெரிந்த எதிராளி சரியாக அந்த இடைவெளியில்தான் தாவுவார்.

அப்போது கைகொடுப்பது உட்கார்ந்த நிலை ஹெவி பஞ்ச். அதற்குச் சார்ஜே வேண்டாம், மேலே வருகிறவரை நன்றாக இறக்கும். கீழ்-பின் பிடித்தபடியே அதை அழுத்தலாம் என்பதால் அடித்துக்கொண்டே சார்ஜும் ஏறும். பூம் விட்டேன், உட்கார்ந்தேன், தாவினால் பஞ்ச், தாவாவிட்டால் சிறிது நேரத்தில் இரண்டு சார்ஜும் தயார். இதுதான் வரிசை.

இன்னொரு சின்ன விஷயம். எதிராளி உங்கள் தலைக்கு மேல் தாண்டி மறுபுறம் போனால் முன், பின் மாறிவிடும். கீழ் மாறாது. குழப்பமான நேரத்தில் ஃபிளாஷ் கிக் நம்பகமாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: லைட், மீடியம், ஹெவி, மூன்றில் எதை எப்போது விடுவது?

லைட் மெதுவாகப் போகும், ஹெவி வேகமாகப் போகும். மெதுவானதன் பின்னாலேயே நீங்களும் நடந்து போகலாம். எதிராளி பூமைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். வேகமானது, தூரத்தில் எதையாவது செய்ய நினைக்கிறவரைப் பிடிக்க. ஒரே வேகத்தில் விட்டுக்கொண்டிருந்தால் எதிராளிக்குத் தாளம் பிடிபட்டுவிடும், ஆகவே கலந்து விடுங்கள். இரண்டு பஞ்ச் சேர்த்து அழுத்தும் ஓவர்டிரைவ் பூம் இரண்டு முறை படும், அதனால் எதிரே வரும் சாதாரண எறிபந்தை அழித்துவிட்டு மேலே போகும். டிரைவ் என்ற சக்தி அளவு செலவாகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், நான் சார்ஜை விட மனமில்லாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். கடைசியில் சுவரில் மாட்டிக்கொள்கிறேன். கைல் என்றாலே இப்படித்தானா?

இல்லை. உறுதியாகச் சொல்கிறேன், இல்லை.

எனக்கும் முதல் இரண்டு வருடம் இதே நோய்தான். சார்ஜ் கையில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று தோன்றும், அதை விட்டு ஓர் அடி முன்னே வைக்கப் பயமாக இருக்கும். பின்பக்கம் நடந்தால் பின் சார்ஜ் ஏறும், உண்மைதான். ஆனால் திரையின் பின்பக்கம் முடிவில்லாதது இல்லை. ஒவ்வொரு அடியாக நீங்கள் விட்டுக்கொடுத்த இடத்தை எதிராளி சும்மா எடுத்துக்கொள்கிறார். சுவர் வந்த பிறகு உங்களிடம் சார்ஜ் நிறைய இருக்கும், போக இடம் இருக்காது.

எதிராளி பயப்படுவது உங்களிடம் சார்ஜ் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு. பத்து வினாடி உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து நாலு எட்டு முன்னே நடந்தால், எதிராளியின் கை அந்தச் சந்தேகத்திலேயே ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். ஒரு வினாடிக்குள் எல்லாம் திரும்ப வந்துவிடும். பூம் திரையில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னே நடப்பது இன்னும் பாதுகாப்பு, ஏனென்றால் அந்த நேரத்தில் பூம்தான் உங்களுக்குக் காவல்.

2016 டிசம்பரில் நடந்த கேப்காம் கோப்பையை நக்கிள்டூ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் கைலையும் ஆர். மீகா என்ற இன்னொரு பாத்திரத்தையும் வைத்து வென்றார். அந்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பூமை மட்டும் பார்க்காதீர்கள், பூம் இல்லாத நேரத்தில் அவர் கைல் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்.

கேள்வி: நான் கைலை ஆடுகிறவன் இல்லை, கைலிடம் தோற்கிறவன். பூம் மழையிலிருந்து தப்பிப்பது எப்படி?

நான் கைல் பக்கத்து ஆள் என்றாலும் நேர்மையாகவே சொல்கிறேன். ஒவ்வொரு பூமையும் தாண்டிக் குதிக்கப் பார்க்காதீர்கள், கைல் விரும்புவது அதைத்தான். நடந்து, தடுத்து, நடந்து, தடுத்து வாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் டிரைவ் பேரி என்ற சிறப்புத் தடுப்பைச் செய்தால் பூமே உங்கள் டிரைவ் அளவை நிரப்பித் தரும். பிறகு மேலே ஒருவருக்குச் சொன்னதை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்: பூம் கிளம்பிய அந்தக் கணத்தில் ஃபிளாஷ் கிக் இல்லை. தாவுவதானால் அவர் எறிவதைப் பார்த்த பிறகு தாவினால் தாமதம், எறியப் போகிறார் என்று ஊகித்துத் தாவ வேண்டும். கைல் எழுந்து முன்னே நடந்தால் அவரிடம் அப்போது எதுவும் இல்லை. அது உங்கள் முறை.

கேள்வி: சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் சாமஸின் சார்ஜ் ஷாட்டும் இதே வகையா?

பெயர்தான் ஒன்று. சாமஸ் பட்டனை அழுத்திக் குண்டைப் பெரிதாக்குகிறாள், நடுவில் நிறுத்திச் சேமித்து வைத்து அப்புறம் விடலாம், ஏற்ற ஏற்ற அடி பெரிதாகும். குண்டு வளர்வதை எதிராளியும் பார்க்கிறார். கைலின் சார்ஜில் அளவு கிடையாது, இருக்கிறது அல்லது இல்லை. பத்து வினாடி பிடித்தாலும் பூம் அதே பூம்தான். வெளியே எதுவும் தெரியாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-லேயே சாமஸ் வகைக்கு நெருக்கமானது வேண்டுமென்றால் குத்துச்சண்டைக்காரனின் டர்ன் பஞ்சைச் சொல்லலாம். மூன்று பஞ்சையோ மூன்று கிக்கையோ பிடித்து வைத்து விட வேண்டும், பிடித்த நேரத்துக்கு ஏற்ப வலு கூடும்.

கேள்வி: சார்ஜைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

1999-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்கில் உண்மை. கொஞ்சம் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து மிச்சத்தைச் சேர்க்கலாம். அதில் யூரியன் என்ற பாத்திரத்தை ஆடுகிறவர்கள் இதில் கை தேர்ந்தவர்கள். ஆனால் அந்த விளையாட்டில் கைலே கிடையாது. ரெமி இருக்கிறான், பூம் போன்ற எறிபந்தை மேலும் கீழுமாக எறிவான். அந்தப் பழக்கத்தை ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: லீவர் இல்லாத பட்டன் கன்ட்ரோலர் வாங்கப் போகிறேன். பின்பக்கத்தை விடாமலே முன்பக்கத்தைத் தட்டிப் பூம் விடலாமாமே?

கடைசியாக அழுத்திய திசைக்கு முன்னுரிமை தரும்படி வைத்தால் விடலாம். அதனால்தான் கேப்காமின் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் இடமும் வலமும் ஒன்றாக அழுத்தும்போது ஒன்றுக்கு முன்னுரிமை தரும் அமைப்பை ஏற்பதில்லை. வீட்டில் அப்படிப் பழகிவிட்டுப் போட்டிக்குப் போனால் கை தடுமாறும். முதல் நாளிலிருந்தே விட்டு அழுத்தப் பழகுங்கள்.

கேள்வி: சோனிக் பூமைச் சார்லி என்ற பாத்திரம் ஒரு கையால் எறிகிறான், கைல் இரண்டு கையால். ஏன்?

கதைப்படி சார்லி கைலின் உயிர் நண்பன், இருவரும் அமெரிக்க விமானப்படை. நண்பனுக்கு ஒரு கையில் வருவது கைலுக்கு இரண்டு கையும் சேர்ந்தால்தான் வருகிறது. ஒவ்வொரு பூமிலும் அந்த நண்பனின் நினைவு இருப்பதாக எனக்குப் படும்.

கேள்வி: (கீபோர்டில் ஆடும் அதே தம்பி) அண்ணா, சொன்னபடி செய்தேன். இப்போது பத்துக்கு எட்டு வருகிறது. ஆனால் நான் வலதுபுறம் நிற்கும்போது மறுபடி மூன்றுதான்.

எல்லோருக்கும் ஒரு பக்கம் கை மந்தமாகத்தான் இருக்கும். வலப்பக்கம் நின்றால் பிடிக்க வேண்டியது வலது சாவி, தொட்டுத் திரும்ப வேண்டியது இடது சாவி. அந்த வேலை வேறு விரலுக்குப் போகிறது, அந்த விரலுக்கு இன்னும் பழகவில்லை. இந்த வாரம் ட்ரெய்னிங் மோடில் வலப்பக்கம் மட்டும் நில்லுங்கள். பத்துக்கு எட்டு வந்த பிறகு, முன்பக்கத்தையும் பஞ்சையும் ஒரே ஃபிரேமில் அழுத்தப் பாருங்கள். அப்படி விழுந்தால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அதைப் பெர்ஃபெக்ட் பூமாக எடுத்துக்கொள்ளும், சாதாரணத்தைவிட உங்களுக்குச் சாதகம் கூடுதல். முதலில் எட்டு வரட்டும், அப்புறம் அது.