தினமும் 10,000 காலடி நடந்தே ஆக வேண்டுமா?
70 வயது அம்மாவால் 4,000 அடிதான் நடக்க முடிகிறது, 10,000 எட்டாவிட்டால் பயனே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் பயன் உண்டு. நானும் பல வருடம் அந்த எண்ணை நம்பி, 6,000-இல் நின்ற நாளெல்லாம் வீண் என்று சோர்ந்துபோயிருக்கிறேன்.

அது மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் மான்போ-கெய். 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். விற்பதற்காக வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது.

அப்புறம் 2019-இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்து, நான்கு வருடத்துக்கு மேல் கவனித்திருந்தார்கள். 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. வேகமும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

இளையவர்களுக்கு இலக்கு சற்று அதிகம். அம்மாவோ ஏற்கெனவே நல்ல இடத்தில்தான் இருக்கிறார். முழங்கால் இடம் கொடுத்தால் மட்டும் மெல்ல 500 அடி கூட்டிப் பார்க்கட்டும்.