கொஞ்ச எண்ணெய்

கேள்வி: விருந்தில் சோற்றுக்கு முன் மரக்கறி பஜ்ஜி வைக்க விருப்பம். எண்ணெய் குடிக்காமலிருக்க, கொஞ்ச எண்ணெயில் பொரிக்கலாமா? (வாசகி, மாங்குளம்)

பதில்: அந்தக் ‘கொஞ்ச’த்தை முதலில் விடுங்கள். பஜ்ஜி எண்ணெய் குடிப்பதே தாச்சியில் எண்ணெய் காணாததால்தான். இரண்டு அங்குல ஆழமாவது நிற்க வேண்டும். குறைந்தால், நாலு துண்டு போட்டவுடன் சூடு இறங்கும். மா இறுகப் பிந்தும், அதற்குள் எண்ணெய் ஊறிவிடும். 175 பாகை செல்சியஸ் அளவு சூடு நல்லது. ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள்: அடிக்குப் போய் உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு காணாது. விழுந்ததும் கறுத்தால் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுங்கள்.

ஒரு சுண்டு கடலை மாவுக்குக் கால் சுண்டு அரிசி மா, முக்கால் தேக்கரண்டி உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருங்காயம். தண்ணீர் முக்கால் சுண்டுக்குக் கிட்டப் பிடிக்கும். சிறிது சிறிதாக விடுங்கள். தோய்த்துத் தூக்கினால் காயின் நிறம் தெரியக்கூடாது. அப்பச்சோடா வேண்டவே வேண்டாம். கூடினால் மா பஞ்சாகி எண்ணெயை இழுக்கும். மஞ்சளும் சேர்ந்தால் சிவந்துபோகும். இதை முன்பும் எழுதிக் கடைக்காரரின் கோபத்தை வாங்கியாயிற்று. இன்னும் எழுதுவோம்.

காய்த்துண்டு 3, 4 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். கத்தரிக்காயின் சதையே பஞ்சு. உப்புத் தடவிப் பத்து நிமிடம் வைத்து, கசியும் நீரைத் துணியால் ஒற்றுங்கள். மொந்தன் வாழைக்காயை உப்புத் தண்ணீரில் போட்டால் கறுப்பது குறையும். அந்த ஈரத்தோடு தோய்த்தால் மா வழுக்கி எண்ணெயில் தனியே மிதக்கும். பூசணிக்கு இந்தப் பாடில்லை. பொரியும்போது எண்ணெயில் எழும் நுரை அடங்கியதும் பஜ்ஜியை எடுங்கள்.

மாவைக் கரைப்பதும் பொரிப்பதும் விருந்தாளி கைகழுவும் நேரத்தில்தான். ஆளுக்கு மூன்று துண்டு போதும், சோற்றுக்கு இடம் வேண்டுமே.

பொரித்ததை ஒன்றின்மேல் ஒன்று குவித்தால் ஆவியில் நமுத்துவிடும். அரிதட்டில் பரப்பி வையுங்கள். பத்திரிகைத் தாளில் வைக்காதீர்கள், எங்கள் சஞ்சிகைத் தாளிலும்தான். தேநீர்க் கடைகளில் வடையைப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் சுற்றித் தருகிறார்கள். ஏழாம் வாய்ப்பாடு நீல மையோடு வடையில் ஒட்டியிருக்கிறது. சூட்டெண்ணெயில் மை கரையும், அது தின்பதற்குரியதல்ல. வன்னியில் வளவுக்கு வளவு வாழை நிற்கிறது. ஒரு துண்டு இலையை வெட்டி அதில் வைத்துக் கொடுங்கள்.