ஃப்ளாஸ்க் வெந்நீரில் காலைப் பலகாரம்
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான்கு பேர் கொடைக்கானல் அருகே வட்டக்கானலில் தங்கி, விடியற்காலையில் வெள்ளகெவி கிராமத்துக்கு நடந்து இறங்கப் போகிறோம். வழியில் எட்டு மணிக்குச் சாப்பிட ஏதாவது வேண்டும். போன முறை ரவையை வறுத்து, தாளித்து எடுத்துப் போய் ஃப்ளாஸ்க் வெந்நீரை ஊற்றினோம். கட்டி கட்டியாகி, பச்சை மாவு வாசனை அடித்தது. எங்கே தவறினோம்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: ரவைதான் காரணம். கொடைக்கானல் இருக்கும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது ஃப்ளாஸ்கில் மூன்று மணி நேரம் இருந்து, சில்லிட்ட பாத்திரத்தில் விழும்போது சூடு இன்னும் இறங்கிவிடுகிறது. ரவையோ அடுப்பில் கொதித்தால்தான் வேகும். வெறும் சூட்டில் மேலே பசையாகி ஒட்டிக்கொள்ளும், உள்ளே மாவாகவே நிற்கும்.

அவலுக்கு மாறுங்கள். நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பதால், அவல் ஊறினாலே சாப்பிடலாம். ஆளுக்கு 80 கிராம் வீதம் 320 கிராம் கெட்டி வெள்ளை அவல் வாங்குங்கள். மெல்லிய அவல் வெந்நீர் பட்டதும் கூழாகிவிடும், சிவப்பு அவல் ஊற நேரம் பிடிக்கும். முறத்தில் புடைத்து, வெறும் வாணலியில் சிறு தீயில், விரலால் நசுக்கினால் நொறுங்கும்வரை வறுத்துத் தனியே வையுங்கள்.

தாளிப்புக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, 60 கிராம் நிலக்கடலை, நான்கு வற்றல் மிளகாய், பெருங்காயம். கறிவேப்பிலை மொறுமொறுப்பாகும்வரை அடுப்பை அணைக்காதீர்கள். அதில் மிச்சம் இருக்கும் ஈரம்தான் மறுநாள் கலவையைச் சிக்குவாடை அடிக்க வைக்கிறது. வெங்காயமும் தேங்காயும் இதே காரணத்தால் வேண்டாம். மஞ்சள்தூள், உப்பு, அவல் சேர்த்துப் புரட்டி, நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, சொட்டிய இடமெல்லாம் நமத்துப்போகும்.

ஃப்ளாஸ்கில் முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கழுத்துவரை நிரப்புங்கள். பாதி ஃப்ளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். சாப்பிடும் இடத்தில் ஒரு டம்ளர் அவலுக்கு முக்கால் டம்ளர் வெந்நீர் தெளித்தாற்போல் ஊற்றி, ஏழெட்டு நிமிடம் மூடி வைத்து, எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பழத்தை அங்கேயே நறுக்குவது நல்லது.

கேள்வி: வீட்டுச் சத்துமாவை வெந்நீரில் கரைத்துக் குடித்தால் போதாதா?
(வாசகர், குன்னூர்)

பதில்: கம்பு, கேழ்வரகு, பயறு சேர்த்து அரைத்த மாவைப் பத்து நிமிடமாவது காய்ச்ச வேண்டும். வெறுமனே கரைத்துக் குடித்தால் ஏற்றத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். காய்ச்சத் தேவையில்லாத மாவு ஒன்று உண்டு. வறுத்த அவல் 200 கிராம், பொட்டுக்கடலை 100, நாட்டுச்சர்க்கரை 100, பால் பவுடர் 50, நாலு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு. எல்லாவற்றையும் பொடித்தால் ஆறு பேருக்கு ஒருவேளை வரும். 75 கிராமை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் குழைத்து, அதன்மேல் வெந்நீர் ஊற்றுங்கள். நேரே வெந்நீரில் கொட்டினால் பால் பவுடர் உருண்டை கட்டும்.

கேள்வி: சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோகலாமா?
(வாசகர், உதகை)

பதில்: காட்டுக்குள் கூடவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் பற்றிய தீ எத்தனை நடைப்பயணிகளின் உயிரைக் கொண்டுபோனது! கோடையில் காய்ந்த புல்மேட்டுக்கு ஒரு பொறி போதும். அனுமதி உள்ள முகாமில், தங்கும் அறை முற்றத்தில் மட்டும் பற்றவையுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பியூட்டேன் குப்பி மட்டும் இருந்தால் வாயு சரியாக வெளிவராது, ஏனெனில் பூஜ்ய டிகிரியை ஒட்டி அது திரவமாகவே தங்கிவிடும். இரவில் குப்பியைக் குளிர் படாத இடத்தில் சுற்றி வையுங்கள். அடுப்பின் அருகே வைத்துச் சூடாக்குவது ஆபத்து.

கேள்வி: கூட எடுத்துப்போகப் பழம் எது?
(வாசகி, பழனி)

பதில்: விருப்பாச்சி மலைவாழைப்பழம். சிறியது, மணமானது. நன்றாகப் பழுத்ததைவிட, கொஞ்சம் காயாக இருப்பதாகப் பார்த்து வாங்கிப் பையின் மேல்பக்கம் வையுங்கள். தோலைக் காட்டில் வீசாமல் டப்பாவிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். நாம் போடும் மிச்சத்தால்தான் குரங்குகள் பையைப் பிடுங்கப் பழகின.