‘பிளாக் ஸ்வான்’ படத்துக்கு அரங்கு ஏன் இரண்டுபட்டது?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் பொது அறையில் மாதம் ஒரு படம் போடுகிறோம். போன மாதம் ‘பிளாக் ஸ்வான்’. ‘ஸ்வான் லேக்’ என்ற பாலே நாட்டியத்தின் நாயகி வேடம் கிடைத்த நீனா என்ற நடனமணி மெல்ல மனம் பிறழும் கதை. நாற்பது பேர் வந்தார்கள். நாயகியின் கால் பின்பக்கமாக மடங்கும் இடத்தில் ஒரு வரிசையே சிரித்தது. ஆறு பேர் நடுவில் எழுந்து போனார்கள். ‘பிரிண்ட் மட்டம், ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது’ என்றார் ஒருவர். பாலே கொஞ்சம் தெரிந்த இன்னொருவர், ‘இது பாலேயே இல்லை, ஆடியது முழுக்க டூப்’ என்றார். பரதம் கற்கும் 19 வயதுப் பெண் அழுதுகொண்டே போனார். நாயகி செத்தாளா, சக நடனமணி லில்லி அவள் வீட்டுக்கு வந்தது நிஜமா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். பக்கத்து அடுக்ககத்தில் இதே படத்தைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். போடலாமா? இதே கூத்து மறுபடியும் நடக்காமல் எப்படிப் போடுவது?
— திரைப்பட வட்டப் பொறுப்பாளர், கோவை

பதில்: போடுங்கள். உங்கள் அறையில் நடந்தவற்றில் பெரும்பாலானவை இந்தப் படம் போகும் இடமெல்லாம் நடப்பவைதான். தவிர்த்திருக்க வேண்டியவை இரண்டு. அந்தப் பெண்ணுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதது ஒன்று, படம் முடிந்த கையோடு விவாதத்தைத் தொடங்கியது இன்னொன்று.

சிரித்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள். இயக்குநர் டேரன் அரனாஃப்ஸ்கி இதில் பாலேயையும் உடல் சிதையும் திகிலையும் ஒன்றாகக் கலந்திருக்கிறார். நகம் பிளக்கிறது, தோல் உரிகிறது, முதுகிலிருந்து இறகின் முனை முளைக்கிறது. கால் மடங்கும் காட்சி வருவதற்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்வையாளரின் உடம்பு இறுகிப்போயிருக்கும். அந்த இறுக்கம் தளர ஒரு வழி தேடும்போது, முதலில் யாராவது ஒருவர் சிரித்தால் போதும், வரிசையே சிரித்துவிடும். குழல்விளக்கு பாதி எரிந்தாலோ பின்னால் தேநீர்க் கோப்பை சத்தம் கேட்டாலோ அந்தச் சிரிப்பு இரட்டிப்பாகும். ஆகவே சன்னல்களை மூடித் திரை போடுங்கள், இடைவேளை விடாதீர்கள். படம் 108 நிமிடம்தான். பயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிற படம் இது. நடுவில் பஜ்ஜிக்கு எழுந்துபோய் வந்தவருக்கு இரண்டாம் பாதி கேலிக்கூத்தாகத்தான் தெரியும்.

‘பிரிண்ட் மட்டம்’ என்றவருக்கான விடை, அது கோளாறே இல்லை என்பது. ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபாடிக் பெரும்பகுதியை சூப்பர் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தார். சிறிய ஃபிலிமைப் பெரிய திரைக்கு விரிக்கும்போது மணல்மணலாகத் தெரியும். மேடையின் பளபளப்பு இல்லாமல் ஒத்திகைக்கூடத்து வியர்வையின் பக்கத்தில் நிற்கிற உணர்வைத் தருவது அந்த மணல்தான். ஆனால் உங்கள் புரொஜெக்டரோ டிவியோ அதைக் கெடுத்திருக்கலாம். படத்தை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூதிங்’, புள்ளிகளைத் துடைக்கும் ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ இரண்டையும் அணையுங்கள், ‘ஷார்ப்னஸ்’ அளவைக் குறையுங்கள். இவை ஓடினால் முகம் மெழுகாகும், கேமராவின் நடுக்கம் தொலைக்காட்சித் தொடர்போல ஆகிவிடும்.

ஒலியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இந்தப் படத்தில் இறக்கைப் படபடப்பும் கிசுகிசுப்பும் மூச்சும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வரும். லேப்டாப் ஒலிபெருக்கியில் அவை கேட்கவே கேட்காது. அப்போது நீனா ஏன் திரும்பிப் பார்க்கிறாள் என்பது பார்வையாளருக்கு விளங்காது, அங்கேதான் அலுப்பு தொடங்கும். ஐந்து ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் நல்ல ஸ்டீரியோ இரண்டாவது வையுங்கள். நீனா தாயிடம் முணுமுணுக்கும் காட்சியில் அளவைச் சரிசெய்துவிட்டு, இரவு விடுதிக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முன்னது கேட்கிற அளவில் பின்னது காதைக் கிழிக்கும். நடுவாக ஓர் அளவை எடுத்துக்கொண்டு, சப்டைட்டிலையும் போட்டுவிடுங்கள்.

இனி அந்த ஒரு மணி நேர வாக்குவாதம். நீனா இல்லாத காட்சி படத்தில் தேடினாலும் கிடைக்காது. கேமரா அவள் பிடரிக்குப் பின்னால் நடக்கிறது, இல்லையென்றால் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அவளுக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. அவள் மனம் பிறழும்போது அதைச் சரிபார்த்துச் சொல்ல வெளியாள் ஒருவரும் இல்லை. ‘எது நிஜம்’ என்ற சண்டை முடியாமல் நீள்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு உண்டு. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ‘இது வேறொருவர் கண்ணில் பட்டதா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். முதுகுச் சொறியைத் தாய் பார்க்கிறாள், பழைய பழக்கம் என்று அவளுக்குத் தெரியும், நகத்தை வெட்டிவிடுகிறாள். ஆக, சொறிவது நிஜம். இறகை வேறு யாரும் பார்க்கவில்லை. விடுதிக்கு லில்லியோடு போனது நிஜம். நீனாவின் வீட்டில் தங்கியதை மறுநாள் லில்லியே மறுக்கிறாள். உடைமாற்றும் அறையில் லில்லி குத்துப்பட்டுச் செத்ததாகக் காட்டிய பிறகு, அதே லில்லி கதவைத் தட்டி வாழ்த்துச் சொல்கிறாள். அப்படியானால் அங்கே பிணம் கிடையாது. கடைசியில் நீனாவின் வயிற்றில் ரத்தத்தை லில்லியும் பார்க்கிறாள், பாலே நிறுவனத்தின் இயக்குநர் தாமஸும் பார்க்கிறார். காயம் நிஜம் என்று கொள்ளலாம். செத்தாளா என்பதை யார் கண்ணும் உறுதிசெய்யவில்லை, திரை வெள்ளையாகி முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் இரு தரப்பும் எவ்வளவு பேசினாலும் படத்திலிருந்து மேற்கொண்டு சான்று வராது. அதைச் சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கண்ணாடிச் சில்லு குத்திய வயிற்றோடு ஒருத்தி முழு அங்கமும் ஆடி முடிப்பாளா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். மருத்துவக் கணக்கு இந்தப் படத்தில் செல்லாது, கனவுக் கணக்குதான் செல்லும்.

டூப் விவகாரத்தில் கைவசம் எண்கள் உண்டு. 2011 மார்ச்சில், நீனாவாக நடித்த நடாலி போர்ட்மனுக்கு ஆஸ்கர் கிடைத்த சில வாரங்களில் இது வெடித்தது. அவருக்கு டூப்பாக ஆடிய, அமெரிக்கன் பாலே தியேட்டரைச் சேர்ந்த சாரா லேன், முழு உடலும் தெரியும் நடன ஷாட்டுகளில் சுமார் 5 விழுக்காடுதான் போர்ட்மன் என்றார். எடிட்டரை உட்காரவைத்து எண்ணியதாகச் சொன்ன இயக்குநர், மொத்தம் 139 நடன ஷாட்டுகளில் 111 போர்ட்மன், 28 சாரா லேன் என்றார். அதாவது 80 விழுக்காடு. ஒருவர் முழு உடல் தெரியும் ஷாட்டுகளைப் பற்றிப் பேசினார், மற்றவர் முகமும் கையும் மட்டும் தெரியும் ஷாட்டுகளையும் சேர்த்து எண்ணினார். சண்டை அங்கேதான் சிக்கிக்கொண்டது. போர்ட்மன் சிறுவயதில் பாலே கற்றவர், படத்துக்காக ஓராண்டு அளவுக்குப் பயிற்சி எடுத்தார். ஆனால் கால்விரல் நுனியில் நின்று சுழலும் பாதம் ஓராண்டில் வராது. சிறுவயதில் தொடங்கிப் பத்தாண்டு ஆகும். படம் இடுப்புக்கு மேலேயே இவ்வளவு நேரம் நிற்பதற்கு அழகியல் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். அந்த 28 ஷாட்டின் உழைப்புக்கு உரிய இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் தரப்பு.

‘பாலேயே இல்லை’ என்ற உங்கள் நண்பரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரிய பாலே நிறுவனங்களில் ‘ஸ்வான் லேக்’ நாயகி வேடத்தைப் பல நடனமணிகள் மாறி மாறி ஆடுவார்கள். ஒருத்தியின் வாழ்வும் சாவும் ஒரே இரவில் தொங்குவதில்லை. பட்டினி, வாந்தி, பிள்ளையை விடாத தாய், கைவைக்கும் இயக்குநர் என எல்லாவற்றையும் ஒரே கதையில் குவித்துவிட்டார்கள் என்று நடனக்காரர்கள் பலர் அப்போதே மனம் வருந்தினார்கள். மறுபக்கம், படம் அச்சு அசலாகக் காட்டும் ஒரு விஷயத்தைப் பலர் பைத்தியத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். புதுக் காலணியை நீனா வளைத்து, கிழித்து, அடிப்பாகத்தைக் கீறும் காட்சி அது. அது ஆத்திரமில்லை, அன்றாட வேலை. பாயின்ட் ஷூவின் முனை துணியும் பசையும் அடுக்கடுக்காகச் சேர்த்து இறுக்கியது. பாதத்துக்குப் பழக்க அடித்தகட்டை வளைப்பார்கள், வழுக்காமலிருக்க அடிப்பாகத்தைக் கீறுவார்கள், நாடாவைத் தாங்களே தைப்பார்கள். கடினமான வேடத்தில் ஒரே இரவில் ஒரு ஜோடி செத்துப்போவதும் உண்டு.

படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் பேசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சைகோவ்ஸ்கி இசையமைத்த ‘ஸ்வான் லேக்’ 1877இல் மாஸ்கோவில் அரங்கேறியது. இன்று ஆடப்படுவதில் பெரும்பாலானவை 1895இல் நடன அமைப்பாளர்கள் பெத்திப்பாவும் இவானோவும் செய்த வடிவத்திலிருந்து வந்தவை. சாபத்தால் அன்னமான ஒடெட், அவள் உருவத்தில் வந்து இளவரசனை ஏமாற்றும் ஒடீல் ஆகிய இரு வேடங்களையும் மரபாக ஒருத்தியே ஆடுவாள். முன்னவளுக்குக் குழையும் கை, நீளும் மூச்சு. பின்னவளுக்குக் கூர்மை, மயக்கு, ஒற்றைக்காலில் நின்று மறுகாலைச் சாட்டைபோல் வீசிச் சுழலும் 32 ஃபூவெட்டே. நீனாவுக்கு முதலாவது வருகிறது, இரண்டாவது வரவில்லை. இது தெரிந்தால் படத்தில் பாதி திறந்துகொள்ளும். முடிந்தால், பாலே நிறுவனங்களே இணையத்தில் வெளியிட்டிருக்கும் காட்சிகளில் ஒடெட் ஒன்று, ஒடீல் ஒன்று, ஆளுக்கு ஒரு நிமிடம் காட்டுங்கள்.

யாராவது ‘ரஷ்ய பாலே நடனமணி பாவ்லோவா ஆடிய அன்னம்தானே?’ என்பார்கள். அது ‘சாகும் அன்னம்’. சான்-சான்ஸின் செல்லோ இசைக்கு ஃபோக்கின் அமைத்த, நான்கு நிமிடம்போல வரும் தனி ஆட்டம். ருக்மிணி தேவி அருண்டேலைப் பாலேக்கும், அங்கிருந்து நம் மரபின் நடனத்துக்கும் திருப்பிவிட்டவர் அன்னா பாவ்லோவா என்பதால் நம் ஊரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

அந்தப் பெண்ணைப் பற்றி. மற்றவர்கள் திகில்படம் பார்த்தபோது அவர் தன் வகுப்பறையைப் பார்த்திருக்கலாம். பரதத்தில் அரைமண்டியில் பாதம் தரையை முழுதாக அறையும், பாலேயில் உடல் தரையைவிட்டு எழும்பவே பாடுபடும். வலிக்கும் இடம் வேறு. ஆனால் சுவரளவு கண்ணாடி, ‘இன்னும் போதாது’ என்ற குரல், உடல் எடை பற்றிய பேச்சு, அம்மாவின் நிறைவேறாத ஆசை ஆகியவற்றுக்கு நாடு கிடையாது. நீங்களோ அவருக்கு நெருங்கிய பெண்மணி ஒருவரோ தனியாகப் போய், ‘எந்த இடம் கஷ்டமாக இருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். படத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். சாப்பாட்டைத் தவிர்க்கிறார், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார் என்று தெரியவந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதுதான் வழி. அரசின் மனநல உதவி அழைப்பு ‘டெலி மானஸ்’ எண் 14416, அழைப்பு இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த முறை அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்: 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்; தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், உணவை வாந்தியெடுத்தல், பாலியல் காட்சி, பாலியல் அத்துமீறல், போதைப்பொருள், ரத்தம் உண்டு. கதை கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள், இந்தப் பட்டியலால் எந்தத் திருப்பமும் வெளிப்படாது. வாசல் பக்கமாக இரண்டு நாற்காலி அகலத்துக்கு வழி விடுங்கள், எழுந்து போகிறவர் யாருடைய முழங்காலையும் தாண்ட வேண்டியிருக்கக் கூடாது. வீட்டில் பார்க்க வாங்கிய வட்டோ ஓடிடி சந்தாவோ பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது. உரிமையாளரிடமோ அவர் சார்பில் அனுமதி தருபவரிடமோ முன்னதாகவே எழுதிக் கேளுங்கள்.

கடைசிக் காட்சி வெள்ளையாகும்போது கைதட்டல் ஒலி படத்துக்குள்ளேயே வரும். அந்த நேரத்தில் யாரும் விளக்கைப் போட வேண்டாம். பெயர்கள் ஓடி முடியட்டும். பிறகு ஐந்து நிமிடம் பேச்சில்லாமல், ஆளுக்கொரு துண்டுத்தாளில் ‘நான் கண்ணை மூடிக்கொண்ட இடம்’ எது என்று ஒரு வரி எழுதச் சொல்லி, பெயரில்லாமல் வாங்கிக் கலந்து உரக்கப் படியுங்கள். சிரித்தவரும் அழுதவரும் ஒரே காட்சியை எழுதியிருப்பது அப்போது தெரியவரலாம். விவாதத்தை அந்தக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். நாற்பது பேருக்கு இரண்டு பேனாவைச் சுற்றவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் பேச்சு கிளம்பிவிடும், ஆகவே பென்சில் நாற்பது வாங்கி வையுங்கள்.