கீழே படுத்துப் பாருங்கள்

பழைய பனி ஊர்திகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கனடாவில் பல குளிர்காலங்களை அவற்றின் அடியில் கழித்த ஒரு மெக்கானிக்கின் பதில்கள்.

கேள்வி: ஐயா, மனிடோபாவில் ஏரிக்கரைக் கொட்டகை ஒன்றில் பாம்பார்டியர் பி12 என்ற பழைய பனி ஊர்தி விற்பனைக்கு இருக்கிறது. விற்பவர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். முதல் தடவையிலேயே கிளம்பியது. வாங்கலாமா?
— வினிபெக் வாசகர்

எஞ்சின் ஓடுகிறது என்பதற்கு எஞ்சின் ஓடுகிறது என்று மட்டும்தான் பொருள். விற்பவர்கள் எல்லோரும் முதலில் சாவியைத் திருப்பித்தான் காட்டுவார்கள். நீங்கள் ஒரு பழைய கோணியை விரித்து அடியில் படுத்துவிடுங்கள். அப்போது அவர் முகம் போகும் போக்கிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.

பி12இல் பின்பக்கம் உட்கார்ந்திருப்பது கிரைஸ்லரின் ஆறு சிலிண்டர் பக்கவால்வு எஞ்சின். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் கார், லாரி என்று எதிலெல்லாமோ ஓடியவை. உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. அகப்படாதது எஞ்சின் அல்ல, டிராக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரமும்தான். கியூபெக்கின் வால்கூர் ஊர்க்காரரான ஜோசஃப் ஆர்மான் பாம்பார்டியரின் முழு மூளையும் அந்தப் பல்சக்கரத்தில்தான் இருக்கிறது. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டி பற்றிய யோசனை அவருக்கு அதற்கு முன்பே உண்டு. ஆனால் அடுத்த ஆண்டுதான் ரப்பர் போர்த்திய பல்சக்கரமும் ரப்பர் டிராக்கும் கைகூடின. காப்புரிமை 1937இல் வந்தது. இரும்புப் பல்லில் பனி ஒட்டி இறுகிவிடும், ரப்பர் வளைந்து அதை உதறிவிடும். சூட்சுமம் அவ்வளவுதான்.

ஆகவே நகத்தால் அந்த ரப்பர்ப் பல்லை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் நல்லது. கல்போல இருந்தால், அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு டிராக்கின் ரப்பர் பெல்ட்டை ஓரத்தில் மடக்குங்கள். உள்ளேயிருந்து நூல் பிசிறு தலைகாட்டினால் அந்த பெல்ட்டின் கதை முடிந்தது.

அடுத்தது மரம். அந்த உருண்டை ஜன்னல்களைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். உடம்பு மரச்சட்டத்தில் அடித்த பிளைவுட் என்பது மறந்துபோகிறது. ஏரி மீனவர்கள் ஓட்டிய வண்டி என்றால் தரையில் எத்தனை ஆண்டு மீன்தண்ணீரும் உருகிய ஐஸும் நின்றிருக்குமோ! கூரான ஊசி ஒன்றைக் கொண்டுபோய் ஜன்னலின் கீழ்ச்சட்டம், கதவுநிலையின் அடி, எஞ்சினைச் சுற்றிய தரை ஆகியவற்றில் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால், நீங்கள் வாங்கப்போவது ஒரு தச்சு வேலையை. தச்சு தெரிந்தவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். நான் தெரியாமல் வாங்கி, ஒரு முழுக் குளிர்காலம் உளி பிடிக்கக் கற்றேன்.

கேள்வி: என் தயோகோல் பனி வண்டிக்கு டிராக்கின் பெல்ட்களை மாற்றப்போகிறேன். கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போடலாம் என்கிறார்கள். பழைய போல்ட்களைக் கழற்ற ஏதாவது வழி உண்டா?
— கால்கரி வாசகர்

உண்டு. கழற்றாதீர்கள், வெட்டுங்கள். ஒரு துருப்பிடித்த போல்ட்டை எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, கெஞ்சிக் கழற்ற அரை மணி நேரம் ஆகும். உங்கள் வண்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. யானையையே வாங்கிவிட்டீர்கள், அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். பெல்ட்டில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது. தேய்ந்த கழுத்தோடு மலைச்சரிவில் ஒன்று அறுந்தால், அதன் சுமை பக்கத்துப் போல்ட்டின் தலையில் விழும்.

கன்வேயர் பெல்ட் சரியான தேர்வுதான். துளை போடுவதில்தான் ஆட்கள் கவிழ்கிறார்கள். துளைக்குத் துளை அளவுநாடா வைத்துக் குறிக்காதீர்கள். ஒவ்வொரு துளையிலும் 1 மி.மீ. பிசகினால் பெல்ட்களைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்களில் ஐம்பதாவதில் 5 செ.மீ. தள்ளி நிற்பீர்கள். சட்டங்கள் கோணலாக ஏறும், பல்சக்கரம் கடிக்கும் இடத்தில் கடக் கடக்கென்று அடிக்கும். நான் ஓர் இரும்புத் தகட்டில் சில துளைகளை அளந்து போட்டு, அதையே அளவுமாதிரியாக வைத்து நகர்த்தி நகர்த்தித் துளைப்பேன். நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் கடைசித் துளையில் முளை அடித்துத் தகட்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு டிராக்குக்குமான எல்லாப் பெல்ட்களையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுங்கள். அப்போதுதான் இழுபடும்போது ஒன்றுபோல இழுபடும்.

மாட்டியபின் வீணைக் கம்பிபோல முறுக்கிவிடாதீர்கள். இறுக்கம் கூடினால் பேரிங்கைத் தின்னும், குறைந்தால் பல்லைத் தாண்டிக் குதிக்கும். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். அலுப்பான வேலைதான், எனக்கும் பிடிக்காது.

கேள்வி: அதே தயோகோல் வகை வண்டிதான் என்னிடமும். வலது நெம்புகோலை இழுத்தால் அழகாகத் திரும்புகிறது. இடதை இழுத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு நேராகவே போகிறது. டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சக்தியை இரண்டு டிராக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) போய்விட்டதா?
— எட்மன்டன் வாசகர்

போயிருக்காது. பதறி வெளியே இறக்கிவிடாதீர்கள். ராக்கெட் எரிபொருள் செய்த கம்பெனியின் வண்டி என்பதால் உள்ளே ஏதோ மாயம் இருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். உள்ளே இருப்பது கிளெட்ராக் என்ற பழைய டிராக்டர் பரம்பரையின் டிஃபரன்ஷியல். நீங்கள் இடது நெம்புகோலை இழுத்தால், எண்ணெய்க்குள் இருக்கும் ஒரு பிரேக் வார் அந்தப் பக்கத்து டிரம்மை இறுக்கிப் பிடிக்கிறது. இடது டிராக் மெதுவாகிறது, அதே அளவுக்கு வலது டிராக் வேகம் எடுக்கிறது. ஒரு பக்கம் முழுக்க நிற்பதே இல்லை. அதனால்தான் இந்த வண்டிகள் நின்ற இடத்தில் சுழலமாட்டா. அதை ஒரு கோளாறாக நினைத்து எனக்கு எழுதியவர்களும் உண்டு.

உங்கள் வண்டியில் இடது வார் பிடிக்கவில்லை. முதலில் வெளியே உள்ள இணைப்புக் கம்பிகளைப் பாருங்கள். கம்பிகளின் மூட்டு ஊசி தேய்ந்து, நெம்புகோலின் பாதித் தூரம் வீணாகிறதா? அது சரியாக இருந்தால் வாரின் தளர்வைச் சரிசெய்யுங்கள். இரண்டு நெம்புகோலுக்கும் தளர்வு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆனால் என் சந்தேகம் எண்ணெய்மேல். முந்தைய சொந்தக்காரர் சாதாரணப் பின் அச்சுக்கு ஊற்றும் கியர் எண்ணெயை ஊற்றியிருப்பார். உயர் அழுத்தத்துக்கான அதன் ரசாயனச் சேர்க்கை பல்லுக்கு நல்லது, வாருக்கு எமன். பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவிடும். கையேட்டில் சொன்ன எண்ணெயை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். வடித்த எண்ணெய் கருகிய வாடை அடித்து, கறுப்புத் துகளோடு வந்தால் மட்டும் மூடியைத் திறக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் இடது கையை எப்போதும் நெம்புகோலில் தொங்கவிட்டு ஓட்டுகிறவரா?

கேள்வி: என் பழைய வண்டியின் மின்சாரம் 6 வோல்ட். குளிரில் கிளப்பினால் முனகுகிறது. 12 வோல்ட்டாக மாற்றலாமா?
— ஒட்டாவா வாசகி

மாற்றலாம், அவசியமில்லை. 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இருமடங்கு மின்னோட்டம் ஓடுகிறது. யாரோ 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிளை மாட்டியிருப்பார்கள், அதனால்தான் குளிரில் முனகுகிறது. தடித்த கேபிள் போட்டு, பூமி இணைப்பைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப்போர் காலத்து எம்29 வீசல் என்ற ராணுவப் பனி வண்டி கிடைத்திருக்கிறது. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. டிராக்டரில் கட்டி இழுத்து கியரில் போட்டால் விடுபடும் என்கிறார் நண்பர்.
— சட்பரி வாசகர்

நண்பரை வேறு வேலையாக அனுப்பிவிடுங்கள். அப்படி இழுத்தால் பிஸ்டன் வளையமோ, கனெக்டிங் ராடோ, எழுபது எண்பது வயதான டிராக்கோ போகும்.

வீசலில் இருப்பது ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 2.8 லிட்டர். நார்வேப் பனியில் கமாண்டோக்களை இறக்கும் திட்டத்துக்காகப் பிறந்த வண்டி இது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். தானியங்கி கியர்பாக்ஸ் திரவத்தையும் அசிடோனையும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அசிடோன் தீப்பிடிக்கும் சரக்கு, ஹீட்டர் எரியும் கொட்டகையில் இந்த வேலை வேண்டாம். பிறகு கிராங்கின் முன் நட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டு, முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல் என்று ஆட்டுங்கள். அசைந்த நாளில் நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றுங்கள். பக்கவால்வு எஞ்சின் என்பதில் ஒரு வசதி உண்டு. வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிஸ்டனில் மோதாது. இரண்டும் அக்கம்பக்கம் குடியிருப்பவை, நேருக்கு நேர் வருவதில்லை.

ஊறும் அந்த ஒரு வாரத்தில் டிராக்கைப் பாருங்கள். இரும்புத் தகடுகளைக் கோத்திருக்கும் ரப்பர் வாருக்குள் கம்பி வடம் ஓடுகிறது. வடம் துருவேறி அறுந்திருந்தால் எஞ்சினுக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்.

கேள்வி: வாங்கிய பி12ஐ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் டிரெய்லரில் கொண்டுவர வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும்?
— தண்டர் பே வாசகர்

என் கதையைச் சொல்கிறேன். என் முதல் பி12ஐ முகம் முன்னோக்கி ஏற்றினேன். எஞ்சின் பின்னால் என்பதை யோசிக்கவில்லை. பாரமெல்லாம் டிரெய்லர் அச்சுக்குப் பின்னே போய், சாலையில் டிரெய்லர் நாயின் வாலைப்போல ஆடத் தொடங்கியது. ஓரங்கட்டி, பெருமையோடு வண்டியைத் திருப்பி, எஞ்சின் முன்னால் வரும்படி ஏற்றினேன். ஆட்டம் நின்றது. அரை மணி நேரத்தில் மேலே ஏதோ வெடித்தது. கூரையில் ஒரு கதவு உண்டு, ஏரிப் பனி உடைந்தால் ஏறித் தப்ப. அதன் கீல் வண்டியின் முன்பக்கம். வண்டி பின்னோக்கிப் பயணம் செய்ததால் காற்று அந்தக் கதவுக்குள் புகுந்து, கீலோடு பிய்த்துக்கொண்டு போனது. வயல்வெளிப் பனியில் அதைத் தேடி இருட்டும்வரை நடந்தேன். அகப்படவில்லை.

ஆக, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் வார் போட்டுக் கட்டுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் இறங்கும்படி வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி வையுங்கள். அலுமினியச் சாய்தளத்தில் இரும்புச் சட்டம் பட்டால் சறுக்குமரம்தான். பழைய ரப்பர் விரிப்போ பலகையோ போட்டு, வின்ச் வைத்து மெதுவாக இழுங்கள். ஓட்டி ஏற்றும் வீரம் வேண்டாம். ஏற்றும்போது யாரும் பக்கவாட்டில் நிற்கக் கூடாது.

கட்டும்போது சங்கிலியை டிராக்கில் மாட்டாதீர்கள். டிராக் உருளும், தொய்யும், கட்டு தளர்ந்துவிடும். அடிச்சட்டத்தில் மாட்டுங்கள். கனடாவின் விதிப்படி கட்டுகளின் பாரம் தாங்கும் அளவு எல்லாம் சேர்ந்து சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். 4,500 கிலோவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு. அகலத்தையும் அளந்துவிடுங்கள். 2.6 மீட்டரைத் தாண்டினால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பி12க்கு அந்தக் கவலை இல்லை. அகன்ற டிராக் போட்ட மலைச்சரிவு வண்டிகளுக்கு உண்டு. புறப்பட்ட சிறிது தூரத்திலேயே நிறுத்தி, எல்லாக் கட்டையும் ஒருமுறை கையால் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆரஞ்சு நிறப் பனி வண்டி ஒன்று பெரிய பிளவின்மேல் தொங்கும் படம் பார்த்தேன். அது ஏன் உள்ளே விழவில்லை?
— ஏழாம் வகுப்பு மாணவி, மிசிசாகா

நல்ல கேள்வி, மகளே. அது டக்கர் ஸ்னோ கேட், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ஃபர்டு ஊரில் செய்தது. ஆய்வாளர் விவியன் ஃபுக்ஸ் தலைமையிலான குழு 1957 நவம்பர் 24 அன்று புறப்பட்டு, அண்டார்க்டிகாவின் குறுக்கே 3,473 கி.மீ. தூரத்தை 99 நாளில் கடந்தபோது எடுத்த படம்.

மற்ற வண்டிகளுக்கு இரண்டு நீண்ட டிராக். இதற்கு நான்கு சின்ன டிராக், நாற்காலிக்கு நான்கு கால்போல. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாய்ந்து கொடுக்கும். ஒரு காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனாலும் மற்றவை அவ்வளவு எளிதில் பிடியை விடாது. திரும்புவதற்கும் இது ஒரு பக்கத்தைப் பிரேக் போட்டு இழுப்பதில்லை. முன் அச்சும் பின் அச்சும் எதிரெதிராகத் திரும்பும், நான்கு டிராக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே நெம்புகோலோடு மல்லுக்கட்டும் எட்மன்டன்காரரைக் கேட்டால் இதன் அருமை தெரியும். அந்தக் குழுவின் வீசல்களையும் மஸ்கெக் என்ற டிராக் போட்ட டிராக்டரையும் வழியிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. நான்கு ஸ்னோ கேட்களும் மறுகரை போய்ச் சேர்ந்தன. தொங்கிய வண்டியும் அதில் அடக்கம்.

கேள்வி: இரவில் நிறுத்தினால் காலையில் டிராக் தரையோடு உறைந்துவிடுகிறது. கிளட்சை வேகமாக விட்டுப் பிய்த்துவிடுகிறேன். தவறா?
— திமின்ஸ் வாசகர்

தவறுதான். ஒரு நாள் அச்சு முறியும் சத்தம் கேட்கும். இரவில் இரண்டு நீளப் பலகைகளின்மேல் ஏற்றி நிறுத்துங்கள். அதற்கு முன் டிராக்குக்குள் அடைந்த பனியை மண்வெட்டியால் தட்டி எடுத்துவிடுங்கள். மறந்துபோய் உறைந்துவிட்டதா? எஞ்சினைச் சூடாகவிட்டு, கடப்பாரையோடு இறங்கி அடியில் படுங்கள்.